காளைக்கு வைத்த சொல்

செவ்வாய்க் கோளில் காலை ஏழு மணிக்குக் குழாயில் காற்று நின்றது. வாரத்தில் இரண்டு நாள் நிற்பதுதான். நாற்பது நிமிடத்தில் திரும்பிவிடும். அன்று திரும்பவில்லை.

பதினான்காம் குழாய்க் குடியிருப்பில், வெல்டிங் தொழிலாளி மருதவல்லி குறைகேள் பொறியின் முன் நின்றாள். ஆறு வயது மகள் நறுவீ படுக்கையில் கிடந்து, அவசர முகமூடியில் மிச்சமிருந்ததை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வணக்கங்க. எங்க வீட்டுல காத்து வரலை."

"உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்." நான்காவது முறையாகச் சொன்னது பொறி.

"புள்ளைக்கு உதடு நீலமாயிடுச்சுங்க."

"உங்கள் பொறுமைக்கு நன்றி."

மருதவல்லி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "நன்றியா சொல்ற? மூச்சுக் காத்தைக் குடுடா, பாழாப்போனவனே!" அதற்குமேல் சொல் வரவில்லை. வெறும் முழக்கம். சுவர்த் தகடு அதிர்ந்தது.

பொறிக்குள் இருந்த குரல்சல்லடை அதை அளந்து, திரையில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைக் காட்டியது: பெல்லோ. "விலங்கு நலப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது."

ஆறே நிமிடம். காற்று உருளையோடு ஓடி வந்தார் அலுவலர் தணிகைவேலன்.

"மாடு எங்கம்மா?"

"மாடா? கத்துனது நாந்தான் சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கு இங்கிலீஷ் அகராதிதாம்மா வேதம். பெல்லோங்கிறது அந்தக் காலத்து இங்கிலாந்துல காளை முழங்குறதுக்கு வெச்ச சொல்லு. கோவத்துல கத்துற மனுஷனுக்குப் பல நூறு வருஷம் கழிச்சுத்தான் ஒட்டுச்சு. மெஷின் முதல் அர்த்தத்தோட நின்னுடுச்சு."

"எதுவோ இருக்கட்டும். உருளையை மாட்டுங்க."

"மனுஷங்களுக்குக் குடுத்தா என் வேலை போயிடும். செவ்வாய்க்கே முப்பத்தாறு மாடுதான். இது அதுங்களுக்கு."

"அப்பப் பசுன்னு எழுதுய்யா!" அவர் கையிலிருந்த பலகையை அறைந்தாள். "கன்னு ஒண்ணுன்னும் எழுது!"

தணிகைவேலன் குழந்தையைப் பார்த்தார். எழுதினார். உருளை சீறியது. நறுவீயின் நெஞ்சு ஏறி இறங்கியது.

"மாடுன்னு பதிஞ்சா காதுல அடையாள வில்லை குத்தணும்மா. விதி." அவர் நிமிரவில்லை.

"குத்து."

செய்தி குழாய்க்குக் குழாய் பரவியது. அதன்பின் யாரும் வணக்கம் சொல்லித் தொடங்கவில்லை. ஆசிரியர்கள், தாதிகள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உட்பட எல்லோரும் அடித்தொண்டையில் முழங்கினார்கள். காற்று வந்தது. தண்ணீர் வந்தது. மருத்துவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

மாதக் கடைசியில் ஆளுநர் திரையில் தோன்றிப் பூரித்தார்.

"நமது ஆட்சியில் கால்நடை வளம் முந்நூறு மடங்கு பெருகியிருக்கிறது. மக்களிடமிருந்து ஒரு புகார்கூட இல்லை!"