ஏழாம் நம்பருக்கு வந்த பதில்

கடையில் ஒருத்தரும் இல்லை. ஆனாலும் இன்டர்நெட் லைன் அடைத்துக்கொண்டிருந்தது.

ஆடிக் கிருத்திகை. திருத்தணி முழுக்க மலைமேல் இருந்தது. தெருவில் காவடிகள் போகும் சலங்கைச் சத்தத்தோடு, கற்பூரமும் வியர்வையும் மணக்கும் காற்று பாதி இறக்கிய ஷட்டருக்கடியில் புகுந்து, எட்டுத் தடுப்புகளின் பச்சைத் திரைகளை வரிசையாக அசைத்துவிட்டு, பின்சுவரில் போய் அடங்கியது. ஏழாம் திரை மட்டும் அசையவில்லை.

நாகேஷ் அரக்கோணத்துக்குப் போன் போட்டான். அவனுக்கு இந்த பிரவுசிங் சென்டரை அமைத்துக் கொடுத்தவர் கங்காதரன்.

"ஃபயர்வால்ல பாரு நைனா. எந்த மிஷின் இழுத்துகினு கீது?"

மேசைக்கடியில் இருந்த பழைய கம்ப்யூட்டர்தான் ஃபயர்வால். ஒரே லைனை எட்டு மிஷினுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அது. பார்த்தான்.

"ஏழு."

"ஆஃப் பண்ணு."

"அங்க மிஷினே இல்லண்ணா. வித்துட்டேன்."

கங்காதரன் சிரித்தார். "பேய்க்கும் பிராட்பேண்டு கேக்குதா? ஏழுக்கு ஏதாச்சும் கட்டு போட்டு வெச்சிருக்கியா?"

போட்டிருந்தான். மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் அன்று. வாசல் வரை பிள்ளைகள். மடப்பள்ளி வீட்டு சுப்ரஜா ஏழில் உட்கார்ந்து, மஸ்கட்டில் இருந்த கணவனோடு பேசிக்கொண்டிருந்தாள். ஏழுக்குக் கட்டு போட்டு, அவள் பங்கைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்து மற்றவர்களுக்குத் திருப்பினான்.

"என்னை அங்க கூட்டிப்பீங்களா மாட்டீங்களான்னு கேட்டேண்ணா. பதிலே வரல" என்றாள் அவனிடம்.

"வரும்மா. லைன் ஸ்லோ."

ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். சாயங்காலம் மணவூர் தண்டவாளத்தில் கிடந்தாள். மறுநாளே மிஷினை விற்றான். கட்டை எடுக்க மறந்துவிட்டான். யாரிடமும் சொல்லவுமில்லை.

"கட்டை எடு" என்றார் கங்காதரன். "எடுத்துட்டு ஏழுக்கு பிங் போடு. பதில் வர்ற நேரம் கொறையக் கொறைய, மிஷின் கிட்டக்க கீதுன்னு அர்த்தம்."

எடுத்தான். போட்டான்.

ஒன்பதாயிரம் மில்லிசெகண்ட்.

நாலாயிரம்.

புளிக்காய்ச்சல் வாசம். அவள் புடவையில் எப்போதும் இருந்தது.

எண்ணூறு. நாற்பது.

"எவ்ளோ காட்டுது? நாகேஷ்?"

ஒன்று.

ஒன்றுக்கும் கீழே.

ஏழாம் தடுப்பில் ஹெட்போன் கரகரத்தது. மிஷினை விற்றபோது ஆணியில் மாட்டியபடியே விட்டிருந்தான். ஒயர் எதிலும் செருகியிருக்கவில்லை. உள்ளே ஓர் ஆண் குரல், தூரத்திலிருந்து.

"டிக்கெட் போட்டுட்டேன் சுப்ரஜா. அழாத. கேக்குதா?"

திரை விலகியது.

ஆணி வெறுமையாக இருந்தது. நாற்காலிக்கு மேலே, அந்தரத்தில், ஹெட்போன் நின்றது. ஒரு தலை அகலத்துக்கு விரிந்து. நடுவில் ஒன்றுமில்லை.

அது மெல்ல அவன் பக்கம் திரும்பியது.