சரி சொல்ல ஓர் ஆள்

"சரி" என்று பதில் வந்தபோது செயற்கைக் கருத்தரிப்பு மையத்தின் ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே, கருக்களுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால், எப்போதும்போல மங்கலான மஞ்சள் விளக்கு மட்டும். கருக்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டின் மூடியில் இருந்த பெயரையும் எண்ணையும் அவள் வாய்விட்டுப் படித்திருந்தாள். விதி அது. ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தியின் கரு இன்னொருத்தி வயிற்றுக்குப் போய்விடும். இந்த விதியை எழுதியவளே அவள்தான். எழுதியவர்களை அது கட்டுப்படுத்தாது என்பது எழுதாத விதி. சரி சொல்ல வேண்டிய உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் வந்துசேர இரண்டு மணி நேரமாகும்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம், காதே பதில் சொல்லிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த வருடங்களில் மூன்று விருதுகள், நாற்பது கட்டுரைகள், கருக்களை ஐந்து நாள் வளர்த்துக் கொடுக்கும் ஒரு திரவம். அந்தத் திரவம் சரியாக அமைவதற்குள் செலவான கருக்களின் எண்ணிக்கை ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் இருந்தது. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

சுவரில் இருந்த சின்ன ஜன்னலுக்கு அந்தப்பக்கம், மேசையில் படுத்திருந்த தங்கை குரல் கொடுத்தாள்.

"அக்கா, சீக்கிரம். குடம் குடமா தண்ணி குடிக்க வெச்சுட்டீங்க. அடக்க முடியல."

"அஞ்சு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோ."

"பல்லைக் கடிச்சா அங்க நிக்குமா?"

அவள் பக்கத்தில் நின்ற டாக்டர் சிரித்தார். தங்கையும் சிரித்தாள். நாற்பத்திரண்டு வயது, மூன்று முறை இப்படியே சிரித்துக்கொண்டு வந்து, பதினைந்தாம் நாள் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டவள். இனி எடுக்க முட்டை கிடையாது. தட்டில் இருப்பது கடைசிக் கரு.

அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். திரவத் துளிக்குள் கரு உருண்டையாக, நன்றாக இருந்தது. குழாயில் எடுக்கும் முன் மறுபடி பெயரையும் எண்ணையும் படித்தாள்.

"இல்ல."

முதுகுக்குப் பின்னால். முழங்கால் உயரத்தில். இன்குபேட்டரின் கீழ்க்கதவு இருக்கும் இடம்.

மூடியைப் பார்த்தாள். தங்கையின் பெயர்தான். அவளே எழுதிய எழுத்து. இன்குபேட்டருக்குள் வாயு இறங்கும் சன்னமான சீறலுக்கு நடுவே ஏதோ ஒரு வாசனை மெல்லப் பரவியது, வெதுவெதுப்பாக, லேசான புளிப்போடு, பிறந்த குழந்தையின் உச்சந்தலை போல. சோப்பு வாசனைக்குக்கூட அனுமதி இல்லாத அறை அது.

திரும்பவில்லை. திரும்பினால் நேரம் போகும். தட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கரு குளிர்கிறது.

மூன்றாவது முறை படித்தாள்.

"இல்ல." இந்த முறை ஒரு குரல் அல்ல. வகுப்பறைக் குழந்தைகள் எல்லாம் சேர்ந்து சொல்வதுபோல.

"என்ன மேடம், தூங்கிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"சரி," என்றாள் அவள். சத்தமாக. தனக்குத் தானே.

சீறல் நின்றது. எல்லாமே நின்றது.

மெல்லிய குழாயில் துளியை உறிஞ்சினாள். ஜன்னல் வழியே நீட்டினாள். டாக்டர் வாங்கித் தங்கையின் கருப்பைக்குள் செலுத்தினார். அரை நிமிடம். முடிந்தது. குழாய் திரும்பி வந்தது. கரு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"காலி," என்றாள். யாரும் மறுக்கவில்லை.

தட்டைக் குப்பையில் போடும் முன், கை போன போக்கில், அதையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

கரு அங்கேயே இருந்தது. அதே துளியில். அதே உருண்டையாக.

"அக்கா," என்றாள் தங்கை. சிரிப்பில்லாத, மிக மெல்லிய குரல். "ஒண்ணுதானே வெச்சீங்க?"

அவள் ஜன்னலில் குனிந்து பார்த்தாள். டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். தங்கையின் வயிற்றின் மேல், வெள்ளைப் போர்வைக்கு அடியில், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்ன மேடுகள் எழும்பின, அமுங்கின, இடம் மாறி மறுபடி எழும்பின. அடிக்குறிப்பில் இருந்த எண் அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு கைகளும் போதாமல், தங்கை ஒவ்வொன்றையும் மாறி மாறித் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.