இருபத்தொன்றாவது வாளி

தொண்ணூற்று நான்காம் வருட ஐப்பசியில் பாலகோபால் அன்னூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு மைல் தள்ளியிருந்த ஒரு தரிசு மேட்டாங்காட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தான். கையோடு இருபது பிளாஸ்டிக் வாளிகள். மூலையில் இருந்த பழைய மோட்டார் அறையில் கட்டில் போட்டாகிவிட்டது. அந்தக் காட்டில் எத்தனை சிற்றுயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கிட்டால் கோவைக் கல்லூரியில் அவனுக்கு டாக்டர் பட்டம்.

முறை எளிது. வாளியின் வாய் தரைமட்டமாக இருக்கும்படி புதைக்க வேண்டும். இரை தேடி வரும் சுண்டெலியும் மூஞ்சூறும் உள்ளே விழும். விடிந்ததும் எடுத்து, பின்காலில் ஒரு விரலை நறுக்கி, விட்டுவிட வேண்டும். அடுத்த முறை விழுபவற்றில் விரல் குறைந்தவை எத்தனை என்று பார்த்தால் மொத்தத் தொகை கணக்கில் வந்துவிடும். மறுபடி பிடிக்கப்போகும் உயிருக்குத்தான் விரலை நறுக்குவார்கள்.

குழி தோண்ட வந்த சென்னியம்மாள் ஒவ்வொரு வாளியிலும் ஒரு வேப்பங்குச்சியைச் சாய்த்து வைத்தார்.

"இது எதுக்கும்மா?"

"உழுந்தது ஏறி வரட்டுமுங்க."

"ஏறிப் போயிட்டா நான் எதை எண்ணுறது? உங்க வீட்டுக் கோழியையா?"

"எண்ணிக்கங்க சார். மூணுதானுங்க."

அவன் சிரிக்கவில்லை. குச்சிகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டான். படிக்காத கை பட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பது அவன் எண்ணம்.

படித்த கை செய்தது இது. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது வாளிகளை மூடிவிட்டுப் போக வேண்டும். இருபது முறை குனிவதற்கு அவனுக்கு அலுப்பு. திறந்தபடியே விட்டுப் போனான். சென்னியம்மாளிடம் மட்டும், "எதையும் தொட்டுறாதீங்க," என்று சொல்லி வைத்தான்.

அவன் இல்லாத மூன்று நாளும் மழை.

திரும்பி வந்தபோது காடு முழுக்க ஈர மயிரின் வாடை. வாளிகளில் பாதியளவு தண்ணீர். அதன்மேல் வயிறு வெளுத்து மிதந்தவற்றை அவன் வேலிப்பக்கம் கவிழ்த்தான்.

"ஒரு குழி தோண்டி மண்ணாவது போட்டுடலாங்க," என்றார் சென்னியம்மாள்.

"எலிக்குக் கருமாதியா? போய் வேலையைப் பாரும்மா."

அன்று மாலை மோட்டார் அறையில் உட்கார்ந்து, பிடிபடாத எலிகளுக்கு எண்கள் எழுதினான். கச்சிதமான எண்கள்.

மறுநாள் விடியலில், மேகம் மூடி வெளிச்சம் தயங்கி வந்த நேரத்தில், அந்தச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக்கை நகம் பிராண்டும் சத்தம். ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும்.

இருபது வாளிகளையும் பார்த்தான். எல்லாம் காலி.

சத்தம் நிற்கவில்லை.

வரிசை முடிந்த இடத்துக்கு அப்பால், தரைமட்டமாக, இன்னொரு வாய்.

அவன் அதைப் புதைக்கவில்லை.

குனிந்தான். அவ்வளவுதான்.

சுற்றிலும் வழவழப்பான சுவர், பனை உயரம். மேலே தட்டளவு வானம். முழங்கால்வரை நீர். அதே ஈர மயிரின் வாடை. நகங்களால் சுவரைப் பற்றி ஏறினான், வழுக்கினான், மறுபடி ஏறினான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இவ்வளவு நேரம் கேட்டது இந்தச் சத்தம்.

வானம் மறைந்தது.

ஏதோ அவன் இடது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியது. அந்தப் பிடியில் கோபம் இல்லை. அவசரமான ஓர் அலுப்பு மட்டும் இருந்தது. அது அவனுடைய பிடியேதான்.

நறுக்.

மறுபடி உள்ளே விட்டெறிந்தது. மழை தூறத் தொடங்கியது. நீர் இடுப்புக்கு ஏறியது. துழாவிய கையில் சொரசொரப்பாக ஒன்று பட்டது. சுவரில் சாய்ந்து கிடந்த பெரிய அடிமரம். கசப்பாக வேம்பு மணத்தது.

அதைக் கட்டிப்பிடித்து ஏறினான்.

சென்னியம்மாள் வந்தபோது அவன் சேற்றில் கிடந்தான். இடது காலில் நடுவிரல் இல்லை. அவர் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். அருகே புதைந்திருந்த வாளியில் சாண் நீளத்துக்கு ஒரு வேப்பங்குச்சி சாய்ந்திருந்தது.

"வையாதீங்க சார். நேத்துப் பொழுதோட இந்த வாளியப் பாத்தேனுங்க. புதுசா பொதச்சிருக்கீங்கன்னு நெனச்சு, நாந்தான் குச்சி போட்டுப்போட்டேன்."

அவன் நொண்டியபடி எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டினான். அன்றே ஊரைவிட்டுப் போனான்.

பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் பதினேழு பெயர்கள். சென்னியம்மாள் அதில் இல்லை. பீளமேட்டில் வீடு கட்டிக் குடிபோனான். இலை கொட்டி வாசலைக் குப்பையாக்குகிறது என்று அங்கிருந்த ஒரே வேப்பமரத்தையும் வெட்டினான்.

தொண்ணூற்றேழில் ஒரு மழைக்கால விடியலில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தான். முதல் நாள் பூசிய சிமெண்ட் வாசலில், கடைசிப் படியை ஒட்டி, தரைமட்டமாக ஒரு வட்ட வாய்.

நின்ற இடத்திலிருந்தே உள்ளே பார்த்தான்.

குச்சி எதுவும் சாய்த்திருக்கவில்லை.