ஒரு நடை

ஞாயிற்றுக்கிழமை மதியம். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், தான் வேலை பார்க்கும் மூட்டு ஆய்வுக்கூடத்தை அவள் திறந்தாள். எப்போதும் போல மருந்து நெடி, எப்போதும் போல குழல்விளக்கின் முனகல். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இறந்துபோன ஒருவர் தானமாகக் கொடுத்த வலது முழங்காலை அது மூன்று வாரமாக மடக்கி நிமிர்த்துகிறது. மூட்டு எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தால் ஆய்வுக்கூடத்துப் பேச்சில் அது 'ஒரு நடை'. இருபது லட்சம் நடைக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அதே காலின் தசைநாண் ஒன்று இப்போது மாடியில் இருந்தது. அவள் தம்பியின் முழங்காலுக்குள்.

தம்பிக்கு மின்கம்பம் ஏறுகிற வேலை. நாண் அறுந்தபின் அந்த வேலை கைவிட்டுப் போக இருந்தது. ஒட்டுவதற்கு நாண் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தானம் கொடுத்தவர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'ஆராய்ச்சிக்கு மட்டும். இன்னொரு உடம்பில் வைக்கக் கூடாது.' அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு ஒட்டியது அவள்தான்.

அறுவை நல்லபடியாக முடிந்த அன்று, யாருமில்லாத இந்த அறையில், அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்திலிருந்த முழங்காலிடம் கிண்டலாகச் சொன்னாள்: "உங்க நாண் சௌக்கியமா இருக்கு. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க."

அது நடந்து நாலு நாள் ஆகிறது.

கைப்பேசி அடித்தது. தம்பி.

"ஏய் அக்கா, கால் தானா மடங்குது. பட்டை போட்டிருக்கு, அதையும் மீறி மடங்குது."

அவன் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. க்ரீச். டக். இங்கே இயந்திரத்திலும் அதே சத்தம், அதே நொடியில்.

அவள் பாய்ந்துபோய் மின்சாரத்தை நிறுத்தினாள். "இப்போ?"

"நின்னுடுச்சு."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். இணைப்பு அறுந்தது.

நடைகளை எண்ணிக் காட்டும் பலகை மட்டும் அணையவில்லை.

முழங்கால் அசையாமல் இருந்தது. எண் ஒன்று கூடியது.

வெளியே, மாடிப்படியில், ஒரு காலடி.

இன்னொரு எண். இன்னொரு காலடி.

நிதானமாக இறங்கி வருகிற ஆள். எங்கும் தடுமாறவில்லை.

கதவு திறந்தது. தம்பிதான். கைத்தடி இல்லை, காலில் பட்டையும் இல்லை.

"ஒரு நடை வரச் சொன்னீங்களே," என்றான் மெல்ல.

தம்பி அவளை ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை. பிறந்ததிலிருந்து 'ஏய்'தான், அம்மா எவ்வளவு திட்டினாலும்.

அவள் கைகூப்பி அழுதாள். "சீட்டைக் கிழிச்சது நான்தாங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன விட்டுடுங்க."

அவன் இயந்திரத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். சட்டென்று துவண்டு விழுந்தான்.

"ஏய், நான் எப்படி இங்க வந்தேன்? நீ எதுக்கு அழற?"

அந்த 'ஏய்' காதில் விழுந்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றே தலைமை மருத்துவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். வேலை போனது. முழங்காலை உரிய மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள், இயந்திரத்துக்கு உறை போட்டார்கள். நாணைத் திரும்ப எடுத்தால் கால் போய்விடும் என்று அதை மட்டும் விட்டுவைத்தார்கள். கால் அதிசயமாகத் தேறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவனுக்குப் பிழைப்பு திரும்பியதே போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் காலை, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வாசலில் நின்றான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ஒரு நடை போயிட்டு வந்துடறேங்க."