காப்பு கட்டிய ஒய்.பி.

நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம். முதலில் மழை வந்ததா, நிரஞ்சனா வந்தாளா என்று கேட்டால் தெரியாது. அவள் அழவில்லை என்பது மட்டும் உறுதி.

மலேசியாவில் சிரம்பானை அடுத்த மம்பாவில், நான் பரிமாறும் மதார் மைதீனின் உணவகத்தில் கடைசி மேசை முருகேசுவுடையது. போலீஸில் புலனாய்வுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவரைத் தேடி வழக்கு வந்துவிட்டால் மைதீனுக்குக் கல்லாவே மறந்துபோகும்.

நிரஞ்சனா, சட்டமன்ற உறுப்பினர் ரவிச்சந்திரனின் செய்தித் தொடர்பாளர். மாண்புமிகு என்ற பொருளில் ஒய்.பி. என்று ஊர் அழைக்கும் அந்த மனிதர் மக்கள் கண்ணில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கைப்பேசியை முருகேசுவின் முன்னால் வைத்தாள். ஓட்டல் வரவேற்பறையில் ஒய்.பி.யும் ஒரு நில வியாபாரியும் எதிரெதிரே உட்கார்ந்து கைகுலுக்கும் படம். ஒய்.பி. உள்ளங்கை வரை இறங்கிய முழுக்கை பாத்தேக் பூவேலைச் சட்டை போட்டிருந்தார். நடுவே கண்ணாடி மேசை. அதற்கடியில் ஒரு ஜோடி கறுப்புக் காலணி தெரிந்தது.

"லஞ்சம் வாங்கிக்கிட்டு அரசாங்க எஸ்டேட்ட விக்க போன வாரம் பேரம் பேசினாருன்னு விசாரணை நடக்குது, அங்கிள். இது ரெண்டு வருஷத்துப் பழைய படம்னு ஒய்.பி. சொன்னாரு. நானும் நம்பி அப்படியே அறிக்கை விட்டுட்டேன். இப்போ, படம் பழசுதான், காப்பு கட்டின இந்த ரெண்டு வாரமா அவரு எஸ்டேட்ட விட்டு வெளிய போகவே இல்லன்னு நான் சத்தியப் பிரமாணத்துல கையெழுத்துப் போடணுமாம். இன்னிக்குச் சாயங்காலமே."

"நீ பாத்தியா?"

"பகல்ல பாத்தேன். ராத்திரி நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"போடலன்னா?"

"படத்த வெளிய விட்டதே நான்தான்னு சொல்லிடுவாங்க. போட்டு, அது பொய்யா இருந்தா ஜெயில்."

முருகேசு கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டார். மைதீன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர்கள் மூவரோடு நானும் காரில் ஏறினேன்.

எஸ்டேட் கோலா கிளாவாங் பக்கம். வாசலில் நிருபர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே, இருபுறமும் செம்பனை மரங்கள் நெருக்க, கார் திரும்ப இடமில்லாத செம்மண் பாதை. கோயில் பந்தலிலிருந்து ஒய்.பி. ஜல்லிக் கற்கள்மேல் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

"வாங்க ஐயா. இந்த வருஷம்தான் மொத தடவையா ஆத்தாளுக்குக் காப்பு கட்டியிருக்கேன். தீமிதி முடியிற வரைக்கும் எஸ்டேட் எல்லைய தாண்டக் கூடாது. அப்புறம் எப்படி ஓட்டலுக்குப் போவேன்?"

"படத்துல இருக்கிற அந்தச் சட்டை புதுசாட்டம் இருக்கே, ஒய்.பி.?" என்று மைதீன் பாய்ந்தார்.

"நாலு வருஷச் சட்டை லா. என் வீட்டுக்காரிய கேளுங்க, தொவைச்சுத் தொவைச்சு அலுத்துட்டா."

மைதீன் அடங்கிவிட்டார். பங்களாவின் முன்னறையில் பிரமாணத்தாளும் பேனாவும் காத்திருந்தன. நிரஞ்சனா அவற்றின் எதிரே உட்கார்ந்தாள். முருகேசு சன்னலோரம் நின்று அந்தப் படத்தையே பார்த்தார். மழை வலுத்தது. பிறகு திரும்பினார்.

"ஒய்.பி., செருப்பு போட்டுக்கிட்டு வாங்களேன். கார் வரைக்கும் போய்த் தனியா பேசலாம்."

"ஐயோ, காப்பு கட்டினவன் செருப்பு போடலாமா? பாவம் லா!"

"அதான் எனக்கும் வேணும்." முருகேசு கைப்பேசியை நீட்டினார். "படத்துல ரெண்டு பேரு. மேசைக்கடியில காலணி ஒரு ஜோடிதான், வியாபாரியோடது. எதிர்ல இருக்கிறது வெறும் பாதம். பேப்பர்ல மேல்பாதிய மட்டும் போட்டாங்க. இந்தப் பொண்ணு முகத்தையும் கையையும்தான் பெருசாக்கிப் பாத்திருக்கு, காப்பு சட்டைக் கைக்குள்ள மறைஞ்சிருச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு விரதம் இல்ல. அப்போ எதுக்கு வெறுங்கால்ல ஓட்டலுக்குப் போனீங்க?"

"கழட்டி வச்சிருப்பேன்."

"கழட்டி வச்ச காலு சுத்தமா இருக்கும். இதுல செம்மண் ஒட்டியிருக்கு."

ஒய்.பி. நாற்காலியில் சரிந்தார். "எல்லைய தாண்டினதே பயந்துக்கிட்டுதான் ஐயா. செருப்பும் போட்டா ஆத்தா சும்மா விடமாட்டான்னு..."

"ஆத்தாளுக்குப் பயந்தீங்க. இந்தப் பொண்ண ஜெயிலுக்கு அனுப்பப் பயப்படல."

நிரஞ்சனா முருகேசுவின் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நான் முன்னாடி விட்ட அறிக்கை?"

"அது உன் பேருலதான் இருக்கு. அதுக்கு நீதான் பதில் சொல்லணும். இதுல மட்டும் கையெழுத்துப் போடாத."

அவள் தாளைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அன்று மாலையே நிரஞ்சனா விசாரணை அதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கில் அவள் சாட்சி. வேலை போயிற்று. எந்தக் கட்சியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது சிரம்பானில் ஒரு பல் மருத்துவமனையின் முகப்பில் வரவேற்பாளராக உட்கார்ந்திருக்கிறாள். ரவிச்சந்திரன் தீமிதித்த மறுவாரம் குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. படத்தை எடுத்தது யாரென்று தெரியவே இல்லை. மைதீன் கடையை நடத்துகிறார். முருகேசு கெமாஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எஸ்டேட் விற்பனை நின்றது. லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். வீடுகள் இன்னும் அவர்கள் பெயரில் இல்லை.