பச்சைக்கு வந்த பின்

"உங்கள் உணர்வுக்குப் பெயரிடுங்கள்," என்றது ரூபவதியின் மணிக்கட்டிலிருந்த உணர்மானி.

"கோபம்தான். வேற என்ன பேரு வைக்க?"

முள் சிவப்பிலேயே நின்றது. புகார் அறைக் கதவு திறக்கவில்லை.

தூத்துக்குடியின் அந்த மீன் கிடங்கில் எல்லார் கையிலும் உணர்மானி உண்டு. சிவப்பில் இருப்பவர் பேச்சு செல்லாது என்பது சட்டம். பெயரிடு, உடம்பில் இடம் காட்டு, மூச்சில் கரைத்துவிடு. மூன்றே படி, சொல்லித்தர ஆள் வேண்டாம். மூச்சோடு சேர்ந்து நரம்பில் அதிரும் அந்தக் கருவி எதையும் நிஜமாகவே கரைத்துவிடும். சனியனே அதுதான்.

போன மாதம் தங்கை செல்வராணி, மீனை உறையவைக்கும் உறைகூடத்துக்குள் மாட்டிக்கொண்டாள். உள்பக்கக் கைப்பிடி உடைந்து கிடந்தது. நாற்பது நிமிடம். குளிரில் செத்துப்போன மூன்று விரல்களை வெட்டி எடுத்தார்கள். நாளை அவளுக்கு மறுபடி அங்கேதான் வேலை. கைப்பிடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அதைச் சொல்ல ரூபவதி பதினோரு முறை வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பச்சைக்கு வந்தாள், கதவு திறந்தது. மேலாளர் ஜெபமணி "என்ன புகாரு?" என்றார். "ஒண்ணுமில்ல சார்," என்று சிரித்துவிட்டுப் போனாள். பாதி வழியில் உறைக்கும்போது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

இன்று, பெட்டி எண்களைக் குறித்துக்கொள்ளும் உள்ளங்கையில் புகாரையும் மையால் எழுதி வந்திருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஜெபமணி டீயை ஊதினார். "பச்சைக்கு வாம்மா, எழுதிக்கிடுதேன்."

"என் தங்கச்சி வெரலையும் சேத்து எழுதிக்கிடுவீங்களா?"

"பாரு, இன்னும் செவப்பு."

"கோபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?" என்றது கருவி.

பயம். வேலை போய்விடும் என்று, அடிவயிற்றில். கரைந்தது. அதற்கும் கீழே, பிள்ளைகுட்டிக்காரன் என்று இந்த ஆள்மேல் கொஞ்சம் பரிதாபம். அதுவும் கரைந்தது. கடைசியில் கோபமும் போனது. கதவு திறந்தது.

"என்ன புகாரு?"

"ஒண்ணும்..." உள்ளங்கை கண்ணில் பட்டது. உறைகூடக் கைப்பிடி. எதற்கு எழுதினாள் என்பது நினைவிருந்தது, சுடத்தான் இல்லை. "கைப்பிடிய ஒரு எட்டு வந்து பாத்துருங்க சார்."

அவரும் காலையிலேயே கருவியோடு மூச்சுப் பயிற்சியை முடித்தவர். சந்தேகப்பட அவரிடம் எதுவும் மிச்சமில்லை. உறைகூடத்துக்குள் போய்க் குனிந்து பார்த்தார். "ஆமா, ஒடஞ்சுதான் கெடக்கு."

ரூபவதி பிடித்திருந்த கதவை விட்டாள். கனமான கதவு தானே சாத்திக்கொண்டது. அவளுடைய முள் பச்சையை விட்டு அசையவில்லை.

உள்ளிருந்து குத்து விழுந்தது. "ஏய், தொறடி! கொன்னுருவேன்!"

"பச்சைக்கு வாங்க சார், தொறக்கேன்."

குத்துகளுக்கு நடுவே அவருடைய கருவி பேசியது. "உங்கள் உணர்வுக்குப் பெயரிடுங்கள்."

"பயம்."

"உடலில் எங்கே?"

"வெரல்ல."

குத்து மெதுவானது. பிறகு நின்றது. ரூபவதி கதவில் காதை வைத்தாள்.

"ஏதும் புகார் இருக்கா சார்?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் ஜெபமணி, நிம்மதியாக.