டிக்கி அளந்தவள்

வாசலில் புது வண்டி மல்லிகைச் சரம் சூடி நின்றது. பிரேசர் டவுன் கோயிலில் எட்டு மணிப் பூசை முடிந்ததும் ஃபாதர் அதை மந்திரிக்க வேண்டும். லிங்கராஜபுரத்தில் அவர்கள் தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிரிஜெட் மட்டும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. கட்டிலோடு கிடக்கும் நாத்தனார் ஐரினுக்காக இட்லியைப் பாலில் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் மம்மி மூஞ்சியைப் பார்த்தியா டிரேவர்? நம்ம புள்ளைங்க புது வண்டியில போறது புடிக்கலை!" மருமகள் நிக்கோல் வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்.

"விடு நிக்கோல். ஷோரூம்ல என் மானத்தை வாங்கினது பத்தலை போல!"

மானமாம் மானம்! அப்படி என்ன செய்துவிட்டாள் அவள்? போன மாதம் ஷோரூமில் தையல் டேப்பை எடுத்து டிக்கியை அளந்தாள். "இது வேணாம்டா. பொம்மனஹள்ளியில சில்வெஸ்டர் விக்கிறாரே, பின்பக்கம் நீளமா ஒரு பழைய வண்டி... அதை வாங்கலாம்டா" என்றாள். அவ்வளவுதான். சேல்ஸ்காரர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் கஞ்சப் பிசினாறி என்று பேர், வயிற்றெரிச்சல்காரி என்று பேர். எதற்கு அளந்தாய் என்று ஒருவர் கேட்டாரா? ம்ஹூம்! கட்டின புருஷன் ஆம்ப்ரோஸே கேட்கவில்லை.

"மம்மி, கிளம்புறோம். புள்ளைங்க ரெண்டு, டாடி, நாங்க ரெண்டு பேர்... அஞ்சு சீட்டும் ஃபுல். நீங்க ஆட்டோ புடிச்சு வாங்க."

"நான் எங்கடா வரது? அத்தையை யாரு பார்த்துக்கிறது?"

"சும்னே... சும்மா சாக்கு சொல்லாதீங்க மம்மி! உங்களுக்கு வயித்தெரிச்சல்!"

அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஐரின் கத்தினாள். "டேய் டிரேவர்! அண்ணியை இன்னும் ஒரு வார்த்தை பேசினே... இங்க வாடா!"

எல்லோரும் ஓடினார்கள்.

"அண்ணி அளந்தது இந்த மடங்காத வீல்சேருக்குடா! ஆறு வருஷமா ஃபாதர் மாசாமாசம் முதல் வெள்ளிக்கு வீட்டுக்கு வந்து நன்மை அப்பம் குடுத்துட்டுப் போறாரு. ஒரே ஒரு தடவை கோயில்ல உக்காந்து பூசை பார்க்கணும்னு அண்ணிகிட்ட அழுதேன். எனக்காகன்னு தெரிஞ்சா உங்களுக்குப் பாரமாயிடுவேன், சொல்லாதீங்கன்னு மாதா மேல சத்தியமும் வாங்கிட்டேன்... பாவி நான்!"

டிரேவர் வீல்சேரை வாசலுக்கு உருட்டிப்போய் டிக்கியில் தூக்கி வைத்தான். கதவு மூடவில்லை. சாய்த்து வைத்தான், புரட்டி வைத்தான். புது பெயிண்டில் நீளமாய்க் கீறல் விழுந்தது. அதைக்கூடப் பார்க்காமல் அழுதுகொண்டே தள்ளினான்.

பிரிஜெட் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "போதும்டா கண்ணு... நான்தான் அளந்தேனே. நாலு இஞ்சு குறையுது."

"ஏன் மம்மி சொல்லலை?" அவளைக் கட்டிக்கொண்டு கதறினான் டிரேவர்.

"சத்தியம் பண்ணிட்டேனேடா. ஆனா எதுக்கு அளக்கிறேன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பாவம் வந்தா வரட்டும்னு சொல்லியிருப்பேன்... நீ கேக்கவே இல்லையேடா!"

அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. மகன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நிக்கோல் தலைகுனிந்து, "மன்னிச்சிடுங்க மம்மி" என்றது யார் காதிலும் விழவில்லை. உள்ளே ஐரினின் விசும்பல் ஓயவில்லை. பிரிஜெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன இட்லிக் கிண்ணத்தோடு அவளிடம் போனாள். மணி எட்டைத் தாண்டியது. அன்று அந்த வீட்டிலிருந்து யாரும் பூசைக்குப் போகவில்லை.